பிரசவம் பார்த்த செவிலியருக்கு என்ன கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், இளையவன் தனியார் மருத்துவமனையில் சிசேரியன். என் சித்தி அரசுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில்தான் இருந்தார். அதனால் சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது குழந்தை பிறந்தால், டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அக்கா, சிஸ்டருக்கு என்ன கொடுக்கறது?" என்று ஆரம்பித்து, பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்.

அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி என் அனுபவம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெளிநாடு பற்றி ஒரே ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

நர்ஸுக்கு ஏதாவது கொடுத்தே ஆகணுமா அக்கா?

இல்லை. பிரசவம் பார்ப்பது அவர்கள் வேலை, அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். நல்ல கவனிப்பு உங்கள் உரிமை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறும் கையோடு, ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்துவிடவில்லை.

ஆனாலும் கொடுக்கத் தோன்றும். வலி பொறுக்காமல் கத்தும்போது இடுப்பை நீவிவிட்ட கையை மறக்க முடியுமா? மூத்தவள் பிறந்த அன்று ராத்திரி, அவளுக்குப் பால் பிடிக்கத் தெரியவில்லை, எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை, இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த சிஸ்டரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதிரி மனசு நிறைந்து கொடுப்பதைப் பற்றி முதலில் பார்ப்போம். கேட்டு வாங்குவது பற்றிய கேள்விகள் கொஞ்சம் தள்ளி வருகின்றன.

என்ன வாங்கிக் கொடுத்தா அவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்?

தின்பண்டம். அதிலும் காரம். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வருகிற எல்லோரும் இனிப்புதான் கொண்டு வருவார்கள். பிரசவ வார்டில் தினமும் யாருக்காவது குழந்தை பிறக்கிறது, அதனால் அங்கே லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் பஞ்சமே இல்லை. சித்தியோடு வேலை பார்த்தவர்களில் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் சர்க்கரை இருந்தது. வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அப்படியே வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கையில் ஒட்டக் கூடாது. ஒரு வாயில் போட்டுக்கொள்ளும்படி இருக்க வேண்டும். பாதியில் வைத்துவிட்டு ஓடினாலும் கெடக் கூடாது. சாத்தூர் காராசேவு, மணப்பாறை முறுக்கு, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் இதில் தேறும். எங்கள் பக்கத்தில் கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கிக் கொடுப்போம். இனிப்புதான், ஆனால் சாப்பாட்டு நேரம் தவறிப் பசியில் நிற்பவர்களுக்கு அது கொஞ்சம் தாங்கும். லேபர் வார்டில் மதியச் சாப்பாட்டை நேரத்துக்கு உட்கார்ந்து முடித்த நாட்கள் குறைவு என்று சித்தி சொல்வார்.

தின்பண்டம் வேண்டாம் என்றால், ஒரு பெட்டி பால்பாயிண்ட் பேனா. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கேஸ் ஷீட்டில் மணிக்கொரு தரம் எழுதுகிறவர்களுக்குத்தான் பேனாவின் அருமை தெரியும், மேசையில் வைத்த பேனா திரும்பி வராது. நாள் முழுக்கக் கை கழுவித் தோல் வெடித்துப் போகிறவர்களுக்கு, வாசனை இல்லாத கை கிரீம் நல்ல பொருள். குழந்தையின் போட்டோ போட்ட கோப்பை, சாமி படம், கண்ணாடிப் பொம்மை இதெல்லாம் வேண்டாம். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவர் அவற்றை எங்கே வைப்பார்?

ஒரு பெட்டி வாங்கினா போதுமா?

ஒரே பெட்டியாகக் கொடுத்தால், அந்த நேரம் டியூட்டியில் இருக்கிறவர்களோடு தீர்ந்துவிடும். டிஸ்சார்ஜ் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். உங்களுக்குப் பிரசவம் பார்த்தது இரவு டியூட்டி சிஸ்டராக இருந்தால், அவருக்கு அந்தப் பெட்டியின் அட்டைகூடக் கண்ணில் படாது.

காலை, மதியம், இரவு என்று மூன்று பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக எழுதிவிடுங்கள். இளையவன் பிறந்தபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வார்டில் ஒரு ஷிப்டுக்கு மூன்று நர்ஸ், இரண்டு ஆயாம்மா, கூட்டிப் பெருக்க ஒருவர். மூன்று ஷிப்டுக்குப் பதினெட்டுப் பேர், ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்களையும் சேர்த்தால் இருபத்து நான்கு. அரை அரைக் கிலோவாக நான்கு பொட்டலம் காராசேவு வாங்கினோம், ஒன்று தியேட்டருக்கு. விலை உயர்ந்த ஒரு கிலோ நெய் இனிப்பு வாங்குவதைவிடச் செலவு குறைவு, எல்லோருக்கும் ஒரு கை கிடைத்தது.

அட்மிட் ஆனவுடனே கொடுத்துட்டா நல்லா கவனிப்பாங்கன்னு மாமியார் சொல்றாங்க. சரியா?

சரியில்லை. மாமியார் பழைய காலத்தில் பட்ட பாட்டை வைத்து அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் முன்னால் கொடுத்தால் அதற்குப் பெயர் நன்றி ஆகாது. வாங்குகிற சிஸ்டருக்குச் சங்கடம். அதைவிட, பக்கத்துப் படுக்கையில் கையில் ஒன்றும் இல்லாமல் படுத்திருக்கிற பெண் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நாமளும் கொடுக்கணும்போல" என்று அவள் புருஷன் யாரிடமாவது கைமாற்று வாங்கப் போவான்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்த பிறகு, கிளம்பும்போது கொடுங்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள். ஒவ்வொரு தாயையும் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி ஒப்படைக்கிற நேரம் அது. நடுவில் நாம் போய் நின்றால் ஏதாவது விட்டுப்போகும்.

வீட்டுல செஞ்சதைக் கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம், முறுக்கு, தட்டை, அதிரசம் மாதிரி நாள்பட இருக்கும் பண்டமாக இருந்தால். பால் இனிப்பு, தேங்காய் போட்டது, வெட்டிய பழம் வேண்டாம். எப்போது செய்தது என்று மேலே தேதி எழுதுங்கள். சில தனியார் மருத்துவமனைகளில் வெளியிலிருந்து பிரித்த பொட்டலமாக எதையும் வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், அங்கே கடையில் மூடி ஒட்டியதே நல்லது.

முதல்ல டாக்டருக்குத்தானே கொடுக்கணும்?

டாக்டருக்கும் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் டாக்டருக்குத் தனியாகப் பழக்கூடை போய்விடும், சிசேரியன் பில்லிலும் அவர் பெயர் இருக்கும். நர்ஸுகள் பெயர் எந்தப் பில்லிலும் வராது.

ஆயாம்மா, கூட்டுற அம்மா இவங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கணுமா?

கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், அவர்களை விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்வதில் நாம் செய்கிற பெரிய தவறே இதுதான் என்பேன். பிரசவம் முடிந்து ரத்தத்தோடு கிடந்த விரிப்பை மாற்றியது யார்? முதல் தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது தலை சுற்றி விழாமல் தோளைக் கொடுத்தது யார்? சிசேரியன் ஆன மறுநாள் என்னை எழுப்பி உட்கார வைத்து, முதுகைத் துடைத்து, தலையைப் பின்னிவிட்டது ஒரு ஆயாம்மாதான். பின்னிக்கொண்டே தன் பேத்தியைப் பற்றி அவர் பேசிய பேச்சில், தையல் வலிகூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

பல மருத்துவமனைகளில் துப்புரவு வேலையும் காவல் வேலையும் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம்தான் நடக்கின்றன. சம்பளம் குறைவு, நிரந்தரம் கிடையாது. நர்ஸுகளுக்குக் கொடுத்த பொட்டலத்தை "எல்லாரும் எடுத்துக்கோங்க" என்று மேசையில் வைத்தால், அவர்கள் தாங்களாக வந்து எடுக்கத் தயங்குவார்கள். அவர்கள் கையில் தனியாகக் கொடுங்கள். நர்ஸுக்குக் கொடுத்த அதே பண்டத்தைக் கொடுங்கள், மலிவாக வேறொன்று வேண்டாம்.

ஒரே ஒரு சிஸ்டர்தான் எனக்கு ரொம்ப உதவியா இருந்தாங்க. அவங்களுக்கு மட்டும் தனியா ஏதாவது கொடுக்கலாமா?

பொருளைப் பொதுவாகக் கொடுங்கள், வார்த்தையைத் தனியாகக் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் ஒருவருக்கு மட்டும் சேலையோ மோதிரமோ கொடுத்தால், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அவர்தான் பேச்சு வாங்குவார். அரசு ஊழியராக இருந்தால் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகள் வேறு உண்டு.

அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் நிறையப் பேர் நாலைந்து நாள் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, பெயரே தெரியாமல் கிளம்பிவிடுகிறோம். பெயர் தெரிந்தால்தான் அடுத்த கேள்விக்கான பதிலைச் செய்ய முடியும்.

லெட்டர் எழுதினா யாராவது படிப்பாங்களா?

படிப்பார்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மருத்துவமனைக்கு எழுத்தில் வருவது பெரும்பாலும் புகார்தான். குழந்தையும் தாயும் நலமாக வீடு போனால் யாரும் எழுதுவதில்லை, ஏதாவது ஒன்று தவறினால் உடனே எழுதுகிறார்கள். ஒரு செவிலியர் நன்றாகச் செய்தார் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தால், அது வார்டு முழுக்கக் கைமாறும். சித்திக்கு வந்தவை மொத்தமே ஏழு கடிதங்கள். ஏழும் வீட்டில் இருக்கின்றன.

"உங்கள் சேவை மேன்மேலும் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று எழுதினால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். தேதி, படுக்கை எண், எந்த ஷிப்ட், அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நான் மூத்தவளுக்காக எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பால் பிடிக்காமல் அழுதது. நீங்கள் முக்கால் மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயை அகலமாகத் திறக்கவைத்து எப்படிப் பொருத்துவது என்று காட்டினீர்கள். அன்றைக்கு நீங்கள் வராமல் போயிருந்தால் மறுநாளே பவுடர் பால் டப்பா வாங்கியிருப்பேன். இன்றைக்கு இருபதாவது நாள். தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அந்தச் செவிலியர் கையில். இன்னொன்று செவிலியர் கண்காணிப்பாளருக்கு, அல்லது மருத்துவமனைத் தலைவருக்கு. அழகான கையெழுத்து, இலக்கணம் பற்றியெல்லாம் கவலை வேண்டாம். எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் பேரனை விட்டு எழுதவைத்துக் கைநாட்டு வைத்த கடிதம், சித்தியின் ஏழில் ஒன்று. கையில் காசு இல்லை, என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுவே.

பொருள் தேடி அலையறதுக்குப் பணமாவே கொடுத்துடலாமா?

அரசு மருத்துவமனையில் கூடவே கூடாது. நீங்கள் என்ன மனதோடு கொடுத்தாலும், அரசு ஊழியர் தன் வேலைக்காகப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். நல்லது செய்த ஒருவரை மாட்டிவிடுகிற காரியம் அது.

தனியாரில் அந்தந்த மருத்துவமனை விதியைக் கேளுங்கள். பணம் வாங்கினால் வேலை போய்விடும் என்கிற இடங்கள் உண்டு. எப்படியிருந்தாலும், சட்டைப்பையில் திணிக்கிற நோட்டில் எனக்கு மனமில்லை. அடுத்து வருகிறவர்களிடமும் அதை எதிர்பார்க்கிற பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

'பையன்னா இவ்வளவு, பொண்ணுன்னா இவ்வளவு'ன்னு கேக்கறாங்க அக்கா. குழந்தையைக் காட்டறதுக்கே காசு கேட்டாங்க. என்ன பண்றது?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் மகள் பிறந்தபோதும் நடந்தது. துணியில் சுற்றிய குழந்தையை வெளியே கொண்டுவந்த ஒரு பெண், "பொண்ணுதானே, கம்மியாவே கொடுங்க" என்றாராம் என் அப்பாவிடம். பேத்தி முகத்தை முதல்முதலாகப் பார்க்கிற நேரத்தில் அவர் காதில் விழுந்த சொல் அது. அப்பா கொடுத்துவிட்டார். கேட்ட தொகையைவிட அந்த வார்த்தைதான் இன்றுவரை அவரை உறுத்துகிறது.

அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். 2011 ஜூன் மாதம் தொடங்கிய மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கியிருக்கும் நாட்களுக்குச் சாப்பாடு எல்லாமே கட்டணமில்லாதவை. வீடு திரும்ப 102 வண்டியும் இலவசம். பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணைக்கு இருக்கவும் அனுமதி உண்டு, அம்மாவை உள்ளே விடுவதற்குக் காசு கேட்டால் அதுவும் தவறு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வருகிற பணத்திலும் யாருக்கும் பங்கு கிடையாது.

யாராவது கேட்டால் "எங்ககிட்ட இல்லம்மா" என்று குழைய வேண்டாம். "இங்க எல்லாம் இலவசம்தானே சிஸ்டர், ஆர்.எம்.ஓ.கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர், கண்காணிப்பாளர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன், இவர்களில் யாரிடமாவது நாள், நேரம், வார்டு எழுதிக் கொடுங்கள். 104 எண்ணுக்கு அழைத்தும் புகார் சொல்லலாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவர் மேல் குற்றம் வராது. என் அப்பா கொடுத்தது அதற்கு முந்தின காலம். இன்று என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு நானே போயிருப்பேன்.

கொடுக்கலைன்னா குழந்தையைச் சரியா பார்க்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கே?

பயம் எனக்குப் புரிகிறது. பச்சைக் குழந்தை அவர்கள் கையில் இருக்கிறது, நீங்கள் தையலோடு படுத்திருக்கிறீர்கள். ஆனால் சித்தி சொல்வதைக் கேளுங்கள்: குழந்தையின் மூச்சு, உடம்புச் சூடு, தாயின் ரத்தப்போக்கு இதையெல்லாம் குறித்த நேரத்துக்குப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும். அதில் விட்டுப்போனால் கேள்வி அந்தச் செவிலியரிடம்தான் வரும். காசு கேட்கிறவர்கள் சிலர். அந்தச் சிலரும் பெரும்பாலும் வாசலில்தான் நிற்பார்கள், பிரசவ மேசையில் நிற்பவர்கள் வேறு ஆட்கள்.

குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உங்களுக்கு ரத்தம் அதிகமாகப் போனாலோ யாராவது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூப்பிடுங்கள், வரவில்லை என்றால் துணைக்கு இருப்பவரை அனுப்பி டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

'வேண்டாம்மா'ன்னு சொல்லிட்டாங்க. மரியாதைக்குச் சொன்னாங்களா, நிஜமாவே வேண்டாமா?

ஒரு தடவை வேண்டாம் என்றால் "எல்லாருக்கும் சேர்த்துத்தான் சிஸ்டர், மேசையில வைக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பையில் திணிப்பது, பின்னாலேயே ஓடுவது வேண்டாம். நம் வீடுகளில் மூன்று முறை மறுத்து நான்காவது முறை வாங்கிக்கொள்கிற வழக்கம் உண்டு, மருத்துவமனையில் அது செல்லாது. அந்தப் பொட்டலத்தைத் துணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வார்டுக்குன்னு ஒரு பொருளா வாங்கிக் கொடுக்கலாமா? ஃபேன், கடிகாரம் மாதிரி?

நல்ல யோசனை, ஆனால் நேராகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அரசு மருத்துவமனையில் எந்தப் பொருளும் பதிவேட்டில் ஏற வேண்டும். முதலில் வார்டு சிஸ்டரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். அப்புறம் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, பொருளைக் கொடுத்துக் கையொப்பத்தோடு ரசீது வாங்குங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நொடி முள் ஓடுகிற பெரிய சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தது. குழந்தை பிறந்த நிமிடத்தைக் குறிப்பதற்கும் இதயத்துடிப்பை எண்ணுவதற்கும் அந்த அறையில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

பவுடர் பால் டப்பா, பால் புட்டி மட்டும் ஏழைத் தாய்மார்களுக்கு என்று சொல்லிக்கூடக் கொண்டு போகாதீர்கள். தாய்ப்பாலைக் காப்பதற்கென்றே 1992-இல் ஒரு சட்டம் வந்தது. பவுடர் பால், பால் புட்டி நிறுவனங்கள் மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கொடுப்பதைக்கூட அது தடுக்கிறது. வாங்கி வைக்கிற சிஸ்டருக்கு அதனால் வீண் தொல்லை.

ஊர்ல வந்து பார்த்த வி.எச்.என். அம்மாவை எல்லாரும் மறந்துடறாங்களே?

இதை என்னிடம் கேட்டது ஒரே ஒரு பெண்தான், அவளுக்காகவே இங்கே சேர்த்தேன். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசுக் கணக்கில் பதியும் எண்) போட்டுக் கொடுத்தவர், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவர், ரத்த அழுத்தம் கூடியதைக் கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டியவர் கிராம சுகாதாரச் செவிலியர்தான். பிரசவ வார்டில் நாம் நாலு நாள் இருக்கிறோம், இவர் ஒன்பது மாதமும் கூடவே வந்தவர். குழந்தையோடு வீட்டுக்கு வந்ததும் சொல்லி அனுப்புங்கள், அவர் பார்க்க வரும்போது ஒரு டம்ளர் மோரும் உட்காரக் கொஞ்சம் நிழலும் கொடுங்கள். வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர். கடிதம் என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள்.

நாங்க லண்டன்ல இருக்கோம். இங்க எப்படி?

பிரிட்டனில் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான நடத்தை நெறியிலேயே, மிகச் சிறிய பரிசுகளைத் தவிர மற்றதை மறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாக்லேட் டப்பாவும் வாழ்த்து அட்டையும் அங்கே வழக்கம். நகை, பணம் வேண்டவே வேண்டாம். ஊரிலிருந்து வந்த அம்மா ஆசையாகப் பட்டுப்புடவை கொடுக்கப் போனால், மெதுவாகச் சொல்லி நிறுத்துங்கள். முறுக்கு கொடுத்தால் அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டு வையுங்கள். எள், கடலை ஒவ்வாதவர்கள் அங்கே அதிகம் கவனமாக இருப்பார்கள்.

வலியில கத்தினதுக்கு ஒரு நர்ஸ் அசிங்கமா திட்டினாங்க. அவங்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லணுமா?

வேண்டாம். "கல்யாணம் பண்ணிக்கிட்டப்போ தெரியலையா" என்கிற ரகப் பேச்சைக் கேட்டவர்கள் நம்மில் ஏராளம். ஆள் பற்றாக்குறை, ஒரே நேரத்தில் நாலு பிரசவம், தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக நிற்கிற கஷ்டம் எல்லாம் உண்மை. சித்தியே அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் மேசையில் படுத்திருக்கிற பெண்ணைத் திட்டுவதற்கு அதில் எதுவும் காரணம் ஆகாது என்று அவரே சொல்வார். கையை ஓங்கியதும் அடித்ததும் அதைவிட மோசம், அதை எழுத்தில் புகாராகக் கொடுங்கள். காசு கேட்டால் எங்கே போவது என்று மேலே சொன்ன அதே இடங்கள்தான்.

அந்த ஒருவருக்காக மற்றவர்களை விட்டுவிடவும் வேண்டாம். புகாரையும் நன்றியையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள், புகாருக்குப் பலம் போய்விடும். இரண்டு தாள் எடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள். நன்றிக் கடிதத்தில் "வார்டு செவிலியர்கள் அனைவருக்கும்" என்று போடாமல், யாருக்கோ அவர் பெயரை மட்டும் போடுங்கள்.

எங்க குழந்தை தங்கலை அக்கா. ஆனா ஐ.சி.யூ.ல இருந்த சிஸ்டர்ஸ் அவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட போய் நன்றின்னு சொன்னா நல்லாயிருக்குமா?

சொல்லலாம் கண்ணு. எப்போது முடிகிறதோ அப்போது. இப்போதே என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சித்தி கொஞ்ச காலம் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலும் இருந்தார். அங்கே ஒரு குழந்தை போய்விட்டால், பார்த்துக்கொண்ட செவிலியரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுப்பார் என்று சொல்லியிருக்கிறார். தாயிடம் போய்ப் பேச அவர்களுக்குத் தயக்கம், தங்களைப் பார்த்தால் வலி கிளறிவிடுமோ என்று. அதனால் உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் அது அவர்களுக்குப் பெரிது. பண்டம் எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரை எழுதுங்கள், இத்தனை நாள் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். நேரில் போகக் கால் வரவில்லை என்றால் வீட்டில் வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சித்தியின் ஏழு கடிதங்களில் இரண்டு இப்படி வந்தவை.

டிஸ்சார்ஜ் அவசரத்துல எதுவுமே சொல்லாம வந்துட்டோம். இப்ப மூணு மாசம் ஆச்சு. இனிமே போனா சிரிக்க மாட்டாங்களா?

ரொம்ப சந்தோஷப்படுவார்கள். பிறந்த அன்று சுருங்கிச் சிவந்து கிடந்த முகம்தான் அவர்களுக்குத் தெரியும். அதே குழந்தை கொழுகொழுவென்று கையை ஆட்டுவதைப் பார்க்கிற வாய்ப்பு பிரசவ வார்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. ஆறு, பத்து, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் வெளியே போவீர்கள். அதே மருத்துவமனை என்றால் ஊசி போட்ட கையோடு ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தையை வார்டுக்குள் தூக்கிப்போக வேண்டாம், உள்ளே அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இருக்கும், நம் பிள்ளைக்கும் நல்லதல்ல. வராந்தாவில் நின்று சொல்லி அனுப்பினால் யாராவது வெளியே வருவார்கள். போட்டோ எடுத்து எங்கேயாவது போடுவதாக இருந்தால் அந்தச் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பின்னால் வேறு தாய்மார்கள் யாரும் தெரியக் கூடாது.

உங்கள் முகம் அவர்களுக்கு நினைவிருக்காது, அதற்கு வருத்தப்படாதீர்கள். எந்தத் தேதி, எந்த நேரம், என்ன ஆயிற்று என்று சொன்னால் "அட, அந்த மழை ராத்திரியா!" என்று சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள், தேதியும் நேரமும் அதில் இருக்கும்.